அன்னாசி ஜாமுக்கு ருசி பார்த்தவள்

இதில் ஒரு வார்த்தை பொய்யென்றாலும் என் பல்செட் கழன்று குழம்பில் விழட்டும்.

மலேசியாவில், கிள்ளானில் தனியாக இருக்கும் கொர்னேலியஸ், கிறிஸ்துமஸுக்காக அன்னாசி ஜாம் கிண்டினார். கிண்டுகிறவர் ருசி பார்த்தால் ஜாம் கெட்டுவிடும் என்பது அந்த வீட்டுச் சட்டம். போன வருஷம்வரை மனைவி ஜோசஃபின் ருசி பார்த்தாள். அவளை அடக்கம் செய்த பிறகு இதுதான் முதல் ஜாம். ருசி பார்க்க ஆளில்லாமல் எப்படி இறக்குவது?

பழக்கதோஷத்தில் ஒரு கரண்டி ஜாமைத் தட்டில் விட்டு, முன்னறை மேசையில் வைத்துவிட்டு வந்தார்.

"சீனி பத்தல லா," என்றது முன்னறை.

"டாக்டர் சீனியைக் குறைக்கச் சொன்னாரே, ஜோசி?"

"எனக்கு இனிமே என்ன வரப்போகுது? போடுங்க."

போட்டார். மறுபடியும் ஒரு கரண்டி கொண்டுபோய் வைத்தார்.

"இப்ப சரி. இறக்குங்க, அடிப்பிடிக்குது."

இறக்கிவிட்டுப் போய்ப் பார்த்தார். தட்டு வழித்து நக்கப்பட்டிருந்தது.

சாயங்காலம் பக்கத்து வீட்டு மாதவிக்கு ஒரு போத்தல் கொடுத்தார். அவள் விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"அங்கிள், அப்படியே ஆன்டி கைப்பக்குவம்!"

கொர்னேலியஸுக்குக் கண் கலங்கிவிட்டது.

கொர்னேலியஸ் கல்யாணமே செய்துகொள்ளாதவர். என் பல்செட்டா? குழம்பில்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.