சொர்ணத்தாய்க்குப் பிடிக்காத ஊர்

“எட்டாயிரம் பேரு நிக்கானுவளாம். ஒருத்தன் கையிலயாவது ஒரு அருவா இருக்கா?”

சீனாவின் சியான் நகரத்துக்கு வெளியே, பூமிக்குள்ளிருந்து தோண்டியெடுத்த களிமண் சிப்பாய்களைப் பார்த்துவிட்டுச் சொர்ணத்தாய் கொடுத்த சான்றிதழ் இது. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய பேரரசன் ஒருவனின் படையை, கோவில்பட்டிக்காரி ஒருத்தி ஒரே பேச்சில் கலைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

“எங்க அய்யனார் கோயில்ல மூணே பேருதான். பாத்தாலே வயிறு கலங்கும். இதைப் பாக்கவா ரெண்டு பிளைன் மாறி வந்தேன்?”

மகன் சுடலைக்குமார் பல்லைக் கடித்துக்கொண்டான். இந்த ஊரில் நான்கு வருடமாக இன்ஜினீயராக இருக்கிறான். ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்று சொல்லித்தான் அம்மாவைக் கூட்டி வந்திருந்தான். உண்மையான காரணம் பக்கத்தில், அம்மாவின் ஒயர்கூடையைச் சுமந்துகொண்டு நின்றிருந்தது.

பெயர் ஜிங்னா. “நமக்கு ஊரைச் சுத்திக் காட்ட வந்த கைடும்மா” என்று முதல் நாளே அறிமுகம் செய்திருந்தான். “வாய்க்குள்ள நுழையல. எங்க தெருவுல ஒரு ஜீனா இருக்கா, அதே இருக்கட்டும்” என்று அம்மா அவளுக்கு அங்கேயே பெயரை மாற்றிவிட்டாள்.

இப்போது அந்த ஜிங்னா, அம்மா என்ன சொல்கிறார் என்று சீனமொழியில் கேட்டாள். “சிலையெல்லாம் அற்புதமா இருக்காம்” என்று கூசாமல் மொழிபெயர்த்தான். மூன்று நாளில் அவன் சொன்ன பொய்களை அடுக்கினால் அந்த எட்டாயிரம் பேரைத் தாண்டும்.

அவன் போட்ட திட்டம் இதுதான். முதலில் அம்மாவுக்கு ஊர் பிடிக்கட்டும், பிறகு சாப்பாடு பிடிக்கட்டும், அதன் பிறகு ஜிங்னாவைப் பற்றிச் சொல்லலாம். அம்மா சம்மதிக்காமல் தாலி கட்ட அவனுக்கு மனம் வராது. கோவில்பட்டி வீட்டு பீரோவிலோ ஓட்டப்பிடாரத்து உமாதேவியின் ஜாதகம் காத்திருக்கிறது. நாளைக் காலை அம்மாவுக்கு பிளைன்.

மதியம் பழைய கோட்டைச் சுவரில் ஏற்றினான். ஊரையே வளைத்துக் கட்டிய சுவர், மேலே கார் போகிற அளவுக்கு அகலம். வாடகை சைக்கிளில் ஜனங்கள் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

“ஏலே, சுவத்து மேல சைக்கிள் ஓட்டுதானுவளே, கீழ ரோடு கெடையாதா?”

கடைத்தெருவிலும் அதே கதைதான். அங்கே கடலையையும் பாகையும் சேர்த்துப் பெரிய சுத்தியலால் அடித்து மிட்டாய் செய்துகொண்டிருந்தார்கள். “இதை நம்ம ஊருக்குக் கொண்டாந்தா நாய் மோந்து பாக்குமா?” என்றபடியே அரைப் பொட்டலத்தை முடித்தாள். கம்பியில் குத்திச் சுட்ட ஆட்டுக்கறியில் உப்பு இல்லை என்று இரண்டு கம்பியைக் காலி செய்தாள். பழம் சேர்த்துப் பொரித்த அப்பத்தில் எண்ணெய் சொட்டுகிறது என்று மூன்று தின்றாள். வைதுகொண்டே தின்பதில் அவளை மிஞ்ச அந்த மாகாணத்திலேயே ஆள் கிடையாது.

வாய் வைதாலும் வயிறு சம்மதித்துவிட்டது என்று சுடலைக்குமாருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அந்தத் தெம்பில்தான் சாயங்காலம் ஜிங்னாவின் அப்பா, அம்மா நடத்தும் நூடுல்ஸ் கடைக்குச் சொர்ணத்தாயைக் கூட்டிப் போனான். கடை யாருடையது என்று மட்டும் சொல்லவில்லை.

“இங்கன நூடுல்ஸ் பிரமாதமா இருக்கும்மா.”

ஜிங்னாவின் அப்பா மாவைப் பலகையில் ஓங்கி அடித்து, இடுப்பு வார் அகலத்துக்கு நீளநீளமாக இழுத்துக்கொண்டிருந்தார். சுவரில் ரெட்டைச் சடை போட்ட ஒரு சிறுமியின் படங்கள் வரிசையாகத் தொங்கின. சொர்ணத்தாய் படங்களைப் பார்த்தாள், அடுப்படியைப் பார்த்தாள், சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

“கடை சின்னதுதான். சுவத்துல பெயிண்ட் உரிஞ்சு கெடக்கு. மாவைப் போட்டு என்ன அடி அடிக்காவ!”

ஜிங்னாவின் அம்மா ஆவி பறக்கும் கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்திவந்து வைத்தாள். சொர்ணத்தாய் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

“எனக்கு வேண்டாம்.”

“ஒரு வாயாவது சாப்பிடும்மா.”

“வேண்டாம்னா வேண்டாம்.”

காரம் அதிகமோ என்று நினைத்து, அந்த அம்மாள் காரமில்லாமல் வேறொரு கிண்ணம் கொண்டுவந்தாள். அதையும் தொடவில்லை. வெந்நீர் வந்தது, அதுவும் ஆறியது. அடுப்படியில் மாவு அடிக்கிற சத்தம் நின்றுபோனது. ஜிங்னாவின் கண்கள் கலங்கிவிட்டன, இந்த முறை மொழிபெயர்க்கச் சொல்லி அவள் கேட்கவில்லை.

சுடலைக்குமாருக்கு மூன்று நாள் ஆத்திரமும் மொத்தமாகப் பொங்கியது.

“தெருவுல நின்னு எல்லாத்தையும் தின்னேல்லா? இங்கன பச்சைத் தண்ணி கூடத் தொட மாட்டேங்க! இவிய மூஞ்சியப் பாரு, எப்படிச் செத்துப் போச்சுன்னு. போதும், எந்திரி. விடிஞ்சதும் ஏத்தி விட்டுருதேன், உன் ஊருக்கே போய்ச் சேரு.”

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். சொர்ணத்தாய் அவன் கையைப் பிடித்து இழுத்து, இருந்த இடத்திலேயே உட்காரவைத்தாள்.

“கூறுகெட்டவனே, பேசி முடிக்காம பொண்ணு வீட்டுல எப்படில கை நனைக்க?”