வாங்கிய தேதி

“வாசு, முந்நூத்துப் பன்னிரண்டு பாட்டையும் நான் நேத்து ஒரே நாள்ல வாங்கினேன்னு உன் புது சாஃப்ட்வேர் சொல்லுது. என்ன விளக்கம்?”

பிரிக்பீல்ட்ஸில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் வாசு, போனில் எதையோ மென்று விழுங்கிவிட்டுச் சொன்னான்.

“பாட்டு புது சாஃப்ட்வேருக்குள்ள எப்ப ஏறிச்சோ அந்தத் தேதிதான் அங்கிள் அதுல விழும். நீங்க கையால அடிச்ச தேதி எல்லாம் பழைய சாஃப்ட்வேரோட பட்டியல்ல இருந்தது. பாட்டோட ஒட்டிக்கிட்டு வராது. அதான் பழசை அழிக்காதீங்கன்னு சொன்னேன்.”

“எப்பச் சொன்னே?”

“மூணு தடவை சொன்னேன்லா. பேப்பர்லயும் எழுதிக் குடுத்தேன்.”

அந்தப் பேப்பர் மேசையில்தான் இருந்தது. கார்த்திகேசு இரண்டு நாளாக அதன் மேல் கோப்பிக் கோப்பையை வைத்துக்கொண்டிருந்தார். பழைய சாஃப்ட்வேரை அழித்ததும் அவர்தான். இடத்தை அடைக்கிறதாம்.

முப்பத்து மூன்று வருடம் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். தேதி போடாத விண்ணப்பப் பாரம் வந்தால், கொண்டு வந்தவர் சொந்த மைத்துனராக இருந்தாலும் திருப்பி அனுப்புவார். ஓய்வு பெற்ற பிறகு, தன்னிடமிருந்த இசைத்தட்டு, கேசட் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றினார். அட்டைகளில் எழுதி வைத்திருந்த வாங்கிய தேதியை ஒன்று விடாமல் அடித்தார். பிறகு, “இனிமே எல்லாம் டிஜிட்டல்” என்று சொல்லி, அட்டையும் தட்டுமாக ஒரு லோரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்.

இப்போது தேதி எங்கேயும் இல்லை.

பிரிக்பீல்ட்ஸ் இசை அன்பர் வட்டத்துக்கு வெள்ளி விழா. எல்லோருக்கும் முந்திப் பாட்டு சேர்த்தவருக்கு மூத்த சேகரிப்பாளர் என்று கேடயம். தேதிவாரியாகப் பட்டியல் புதன்கிழமைக்குள் போக வேண்டும். கார்த்திகேசு நன்றியுரையை எழுதி, கண்ணாடி முன்னால் இரண்டு தடவை படித்தும் பார்த்துவிட்டார்.

“ஞாபகத்துல இருக்கிறதை அடிக்கிறேன்” என்று உட்கார்ந்தார்.

மனைவி கனகேஸ்வரி பின்னால் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“என்னங்க, எல்லாம் எழுபத்தொண்ணு, எழுபத்திரண்டுன்னு போகுது?”

“அப்ப வாங்கினதுதான்.”

“நமக்குக் கல்யாணம் எழுபத்தாறுல. இந்த வீட்டுக்கு முதல் ரேடியோகிராம் எங்கப்பா குடுத்தது. அஞ்சு வருஷமா எதுல போட்டுக் கேட்டீங்க?”

கார்த்திகேசு அடித்ததை எல்லாம் அழித்தார்.

“பாட்டு வாங்கின அன்னிக்கே கிள்ளானுக்குப் போன் போட்டு உங்க சிநேகிதர் யோகநாதன் அண்ணன்கிட்டப் பெருமை பேசுவீங்களே. அவருக்கு ஞாபகம் இருக்கும். போய்க் கேளுங்க.”

“அவன்கிட்டயா? வயித்தெரிச்சல் பிடிச்சவன். எந்தப் பாட்டைச் சொன்னாலும், ‘அப்படியா, நான் கேட்டதே இல்லையே’ன்னு ஒரு பெருமூச்சு. வட்டத்துக்கு அவன் பட்டியலே குடுக்கலையாம். குடுக்க அவன்கிட்ட என்ன இருக்கு?”

“அப்ப வேணாம். நேத்து ஒரே நாள்ல வாங்கினேன்னே குடுத்துடுங்க.”

ஹைவே நெரிசலில் ஒன்றரை மணி நேரம் ஊர்ந்து கிள்ளானுக்குப் போய்ச் சேர்ந்தார் கார்த்திகேசு. யோகநாதன் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்தார். அவர் மனைவி குணபூசணிதான் கதவைத் திறந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்தது.

“இதுக்கா இவ்வளவு கவலை? உங்க போன் வந்தாலே இவர் நோட்டை எடுத்துக்கிட்டுத்தான் உட்காருவார் அண்ணே. நீங்க சொல்ற பாட்டு, தேதி எல்லாம் அதுல இருக்கும். இருங்க.”

நீளமான நோட்டு ஒன்றைக் கொண்டு வந்து மேசையில் வைத்துவிட்டு, கோப்பித் தண்ணீர் கலக்க உள்ளே போனாள்.

கார்த்திகேசுக்கு உயிர் வந்தது. இத்தனை வருடப் பொறாமையும் கடைசியில் உபயோகப்பட்டதே என்று நினைத்துக்கொண்டு திறந்தார்.

யோகநாதனின் பொடிப்பொடி எழுத்து. ஒவ்வொரு பாட்டுக்கும் நேராக, ‘கார்த்தி போன் செய்த நாள்’. அதற்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம்: ‘நான் வாங்கிய நாள்’.

முதல் பாட்டு. கார்த்தி, 4.11.1979. நான், 12.3.1978. அதற்கு நேரே, ‘கேட்டதில்லை என்று சொன்னேன்.’

இரண்டாவது பாட்டு. கார்த்தி, 1980. நான், 1974. ‘கேட்டதில்லை என்று சொன்னேன்.’

கார்த்திகேசு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பக்கங்களை வேகமாகப் புரட்டினார். ஒரு பாட்டாவது, ஒரே ஒரு பாட்டாவது தான் முந்தி வாங்கியதாக இருக்காதா என்று விரலை வைத்துத் தேடினார். எண்பது, தொண்ணூறு என்று வருடங்கள் ஓடின. எல்லா வரியிலும் யோகநாதனே முன்னால் நின்றார். எல்லா வரியிலும் கேட்டதில்லை என்றே சொல்லியிருந்தார்.

“அண்ணே, சீனி போடலாமா?” என்று உள்ளேயிருந்து குணபூசணி கேட்டாள்.

கடைசிப் பக்கத்தில், போன வாரத் தேதியில் ஒரு வரி இருந்தது. அதில் பாட்டின் பெயர் இல்லை.

‘இசை வட்டத்திலிருந்து கேடயத்துக்குப் பட்டியல் கேட்டு வந்தார்கள். என்னிடம் பாட்டே இல்லை என்று சொன்னேன்.’