ஸ்டார்ட் ஆகாத வண்டி

முதல் அடி ஹெட்லைட்டில் விழுந்தது. கண்ணாடித் தூள் மெக்கானிக்கின் காலடிவரை தெறித்தது.

இரண்டாவது மீட்டரில். மூன்றாவது டேங்கில்.

"யோவ், இதையா ரெடின்னு அனுப்பின? இதையா? இதையா?"

ஒவ்வொரு 'இதையா'வுக்கும் ஓர் அடி. தள்ளிக்கொண்டு வந்த வண்டியைக் கடை வாசலிலேயே வலப்பக்கமாகச் சாய்த்துப் போட்டுவிட்டு, வண்டிக்காரன் இரும்புக் கம்பியால் கண்மண் தெரியாமல் விளாசிக்கொண்டிருந்தான். தெருவே கூடிவிட்டது.

மெக்கானிக்கின் கன்னத்தில் ஏற்கெனவே ஒன்று விழுந்திருந்தது. உதடு கிழிந்து வாயெல்லாம் ரத்தம். திருப்பி அடிக்க அவனுக்கும் கை இருக்கிறது. ஆனால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அடிப்பது?

எதிரே நின்ற ஆட்டோவில் வண்டிக்காரனின் தங்கை உட்கார்ந்திருந்தாள். வலது கையில் தோள்வரை மாவுக்கட்டு. ஒரு கண் வீங்கி மூடிக் கிடந்தது.

முந்தாநாள் சாயங்காலம் அவள் புருஷன் அந்தக் கையைக் கதவிடுக்கில் வைத்துக் கதவை ஓங்கிச் சாத்தினான். மறுபடி திறந்து மறுபடியும் சாத்தினான். மனுஷனா அவன்?

அதற்கு முன்பே அவள் அண்ணனுக்குப் போன் போட்டிருந்தாள். 'கிளம்பிட்டேன்' என்றான். வண்டியில் வந்தால் கால் மணி நேரம். அறைக்குள் புகுந்து தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அண்ணன் வரவில்லை. கடைசியில் அக்கம்பக்கத்தார்தான் வந்து அவளைத் தூக்கினார்கள்.

வண்டி காலை வாரிவிட்டதாம். அரை மணி நேரம் உதைத்தானாம், ஒரு இருமல்கூட இருமவில்லையாம். அண்ணன் சொன்னதை அப்படியே அவளும் ஆஸ்பத்திரிக்கு வந்தவர் போனவரிடமெல்லாம் உடைந்த பல்லோடு சொன்னாள். அவனை யாரும் ஒரு வார்த்தை பேச அவள் விடவில்லை.

அவன் வாங்கிய முதல் வண்டி அது. நாலு கை மாறி வந்தது. மனசு வைத்தால் ஓடும், இல்லாவிட்டால் நட்டநடு ரோட்டில் நின்றுகொள்ளும். சரிபண்ணுவதா, தலைமுழுகிவிட்டுப் புதுசு வாங்குவதா என்று அவனும் ரொம்ப நாளாக இழுத்துக்கொண்டிருந்தான். மெக்கானிக்தான், என்னை நம்பு, இன்னும் பத்து வருஷம் ஓடும் என்று அடித்துப் பேசி இஞ்சினைப் பிரித்து மாட்டிக் கொடுத்தான். வண்டி வீட்டுக்குப் போன மறுநாள்தான் இந்தக் கொடுமை.

விஷயம் கேள்விப்பட்டதிலிருந்து மெக்கானிக்குக்குச் சோறு இறங்கவில்லை. என் வேலை ஒரு பெண்ணின் கையை ஒடித்துவிட்டதே என்று உள்ளுக்குள் வெந்துபோனான்.

"ஒரே ஒரு தடவை பார்த்துடறேன் தம்பி. எங்க தப்பு பண்ணினேன்னு எனக்குத் தெரியணும்."

"தொடாத! இனி ரிப்பேர்ங்கிற பேச்சே கிடையாது. உடைச்சு எடைக்குப் போட்டுட்டுப் புதுசு வாங்கிக்கிறேன்."

மெக்கானிக் குனிந்தான். கம்பி அவன் தோளில் இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியைத் தூக்கி நிமிர்த்தினான்.

நிமிர்த்தியவன் அப்படியே நின்றுவிட்டான்.

இதுவரை அடியில் கிடந்த வலப்பக்கத்தில், வண்டியை உதைத்துக் கிளப்பும் கிக்கர் ஃபுட்ரெஸ்ட்டோடு சேர்த்துக் கட்டியபடியே இருந்தது. கறுப்பு ட்யூப் ரப்பர், மேலே அவன் போட்ட அதே முடிச்சு.

சரிபார்த்த வண்டியை அவன் ஓட்டிக்கொண்டு போய்க் கொடுப்பதில்லை. அடுத்தவன் வண்டியில் ஊர் சுற்றுகிறான் என்று எவனும் சொல்லிவிடக் கூடாது, அப்படியொரு ரோஷம். லோடு ஆட்டோவில் ஏற்றித்தான் அனுப்புவான். வழியில் குலுங்கி எதிலும் இடிக்காமலிருக்கக் கிக்கரை இப்படி இறுக்கிவிடுவான். இறக்கியதும் ரப்பரை அறுத்துப் போட்டுவிட்டுத்தான் உதைக்க வேண்டும். அறுக்காமல் உதைக்க ஆண்டவனே வந்தாலும் முடியாது.

அப்படியானால் இவன் உதைக்கவே இல்லை. ஒரு தடவைகூட.

அந்தப் புருஷன்காரன் பேச்சுக்கு முன்னால் கை நீட்டுகிற முரடன். பயந்துவிட்டான், பாவி. தங்கை அங்கே கதறக் கதற இவன் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறான்!

என் தப்பில்லை, என் தப்பில்லை என்று மெக்கானிக்கின் நெஞ்சு துள்ளியது. வாயைத் திறந்தால் போதும், இத்தனை பேர் முன்னால் போன மானம் திரும்பி வந்துவிடும். அறைந்தவன் காலில் விழுவான்.

ஆட்டோவைப் பார்த்தான். அப்பா இல்லை, அம்மா இல்லை. புருஷன் என்ற ஒருத்தன் ஜெயிலில். அவளுக்கென்று மிச்சமிருப்பது இந்த அண்ணன் ஒருத்தன்தான்.

மெக்கானிக் அந்த முடிச்சின்மேல் உள்ளங்கையை வைத்து மூடினான்.

வண்டிக்காரன் அந்தக் கையைப் பார்த்தான். ஓங்கிய கம்பி மெதுவாகக் கீழே வந்தது. முகம் வெளிறிப் போயிற்று.

"என் வேலைதான் சரியில்ல. புதுசே வாங்கிக்கங்க" என்றான் மெக்கானிக்.

தங்கை ஆட்டோவிலிருந்து இறங்கி வந்தாள். நொண்டி நொண்டித்தான் நடந்தாள்.

"கையை எடுங்கண்ணே."

அவன் எடுக்கவில்லை. அவள் குனிந்து இடது கையால் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ரப்பரைப் பார்த்தாள். முடிச்சை நகத்தால் ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். அது அசைந்துகொடுக்கவில்லை.

அண்ணன் பக்கம் திரும்பி இடது கையை நீட்டினாள். அவன் கம்பியைக் கொடுத்தான்.

பாவம், வயிற்றெரிச்சல் தீர அவளும் நாலு போடட்டும் என்று கூட்டம் விலகி வண்டிக்கு வழிவிட்டது.

அவள் வண்டியைத் திரும்பியும் பார்க்கவில்லை.