மாப்பிள்ளைத் தோழன்

திரையில் கோடு மறுபடியும் எகிறியது.

கோட்டை எகிறவைக்கவே கூடாத சொட்டு அது. அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது.

பக்கத்து அறையில் ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் கண்ணெதிரே இந்தச் சிப் ஒழுங்காக வேலை செய்துவிட்டால் ஊர் ஊராகப் போய்ச்சேரும். சொதப்பினால், அக்காவும் தம்பியும் வேலையை விட்டுவிட்டு இந்த வாடகை அறையில் மாரடித்ததெல்லாம் அம்போ.

சிப்பின் மேல் ஒரு கிராஃபீன் ஏடு. ஒரே ஓர் அணு தடிமன், கண்ணுக்கே தெரியாது. அதில் அக்கா பதித்திருந்த கொக்கிகள் காசநோய்க் கிருமியை மட்டும்தான் பிடிக்கும். வேறு எந்தக் கிருமி வந்தாலும் சீந்தாது. கிருமி மாட்டினால் மின்னோட்டம் மாறும், கோடு எகிறும்.

ஒவ்வொரு சோதனைக்கும் எச்சில் இரண்டு சொட்டு. ஒன்றில் செத்த கிருமியைக் கலந்திருப்பார்கள்; அது மாப்பிள்ளை. இன்னொன்று சுத்தமான எச்சில். அதற்கு வேலையே சும்மா இருப்பதுதான், ஆகவே மாப்பிள்ளைத் தோழன். பெயர் வைத்தது தம்பி.

போன மாதம் வரை தோழன் அடக்கமாகத்தான் இருந்தான். இப்போது மாப்பிள்ளையோடு சேர்ந்து அவனும் ஆடுகிறான்.

சிப்பை மாற்றினார்கள். ஒயரை மாற்றினார்கள். ஈரக்காற்றில் ஏடு கெட்டுவிட்டது என்றான் தம்பி. நீ ஒயரைப் பற்றவைத்த லட்சணம் அப்படி என்றாள் அக்கா. அதில் கொஞ்ச நாள் பேச்சுவார்த்தைகூட இல்லை.

தம்பி இப்போது காதருகே வந்து கிசுகிசுத்தான். புரோகிராமில் ஒரு வரி சேர்த்தால் போதும், தோழன் போடும் ஆட்டத்தைக் கழித்துவிடலாம், உள்ளே இருப்பவர்களுக்கு என்ன தெரியப்போகிறது.

அக்கா சீறினாள். அப்படிக் கழித்தால் நிஜ நோயாளியையும் ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவைக்கும், அந்தப் பாவம் நமக்கு வேண்டாம் என்றாள். சிப்பைக் கழுவிக் கடைசியாக ஒரு தடவை பார்க்கலாம்.

ஆனால் பயத்தில் அவளுக்கு வாய் வறண்டு கிடந்தது. எச்சில் ஊறவில்லை.

இதுவரை தோழனுக்கு எச்சில் கொடுத்தது எப்போதும் அவள்தான். தம்பி மகா சுத்தக்காரன். அடுத்தவர் டம்ளரில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டான். குழாய்க்குள் துப்பச் சொன்னாலே குமட்டுவான்.

இன்றைக்கு வேறு வழியில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு துப்பினான்.

சொட்டு விழுந்தது. இருவரும் திரையையே பார்த்தார்கள்.

கோடு அசையவில்லை.

மாப்பிள்ளைச் சொட்டை விட்டார்கள். எகிறியது. சிப்பைக் கழுவிவிட்டுத் திரும்பத் தோழன். அசையவே இல்லை.

தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. "அக்கா, சிப்புல ஒரு கோளாறும் இல்லக்கா" என்று அவள் கையைப் பிடிக்க ஓடிவந்தான்.

அவள் சட்டென்று பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தாள்.

"ஆமாடா. நீ கிட்ட வராத."

அவன் அப்படியே நின்றுவிட்டான்.

பக்கத்து அறையில் நாற்காலிகள் நகர்ந்தன. யாரோ கதவைத் தட்டினார்கள். அவள் காதில் அது விழவில்லை.

காலையில் கிளம்பும்போது, சாப்பாடு சுடுகிறது என்று அடம்பிடித்த மகளுக்கு, ஒவ்வொரு வாயையும் ஊதி ஊதித்தான் ஊட்டிவிட்டு வந்திருந்தாள்.