கொரில்லாப் புத்தகம்

"இதை எடுத்துக்கங்க. இதுல எல்லாமே மறைஞ்சு மறைஞ்சுதான்," என்றார் நூலகர். எதிரே நின்றவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அலமாரிக்குப் பின்னால் பதுங்கியிருந்த மருந்துக்கடைக்காரருக்கு வயிறு பற்றி எரிந்தது. பெண்டாட்டி தன்னிடம் இப்படிச் சிரித்தது கல்யாண ஆல்பத்தில் மட்டும்தான். நூலகருக்கு முப்பது வயதுகூட இருக்காது. தலைகொள்ளாத முடி வேறு. இவர் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார்.

ஒரு மாதமாகவே சந்தேகம்தான். அவரைத் தவிர யாரும் தொடக்கூடாத டிவி ரிமோட்டில் பேட்டரி காணாமல் போனது. காபியில் உப்பு விழுந்தது. துவைக்கப் போட்ட வெள்ளைச் சட்டை நீலமாகித் திரும்பி வந்தது. மனசு வேறெங்கோ மேய்கிறது, இல்லாவிட்டால் இப்படியெல்லாம் நடக்குமா?

"ராணுவத் தளபதி எழுதினதும் ஒண்ணு இருக்கு," நூலகர் இன்னொன்றை நீட்டினார். "அதிகாரத்துல இருக்கறவன் எப்படி யோசிப்பான்னு புரியும்."

"அது பதினாறு வருஷமாத் தெரிஞ்சதுதானே! காட்டுல இருந்தவங்க எழுதினது போதும்."

அவள் படியிறங்கியதுதான் தாமதம், இவர் மேஜைமுன் போய்க் குதித்தார்.

"என் பொண்டாட்டிக்கு என்ன புத்தகம்யா குடுத்தே?"

"கொரில்லா சார்."

"குரங்கா?"

"போர் சார்! மலாயா, கென்யா, அல்ஜீரியா... வெள்ளைக்காரன் ஆட்சி முடியப்போற காலத்துல நடந்தது. நேருக்கு நேர் மோதாம, தினம் ஒரு குடைச்சல் குடுத்தே அவனை ஓயவெச்ச கதை."

"இந்தப் பைத்தியத்தை அவ தலையில ஏத்தினது நீதானே?"

"நானா? உங்கம்மா சார்! எந்தப் புத்தகம் வேணும்னு சீட்டு எழுதி அனுப்பறதே அவங்கதான். மாமியாரும் மருமகளும் சேர்ந்துதான் படிக்கறாங்களாம்."

மருந்துக்கடைக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. காதலுமில்லை, கத்தரிக்காயுமில்லை, வெறும் படிப்பு! மேஜையைத் தட்டிச் சிரித்தார்.

"மாமியார் மருமக சண்டையே இல்லாத வீடுப்பா அது. அங்க போய்க் கொரில்லாப் போரா? விரட்டறதுக்கு வெள்ளைக்காரன் யாரு இருக்கான்?"

நூலகர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நீங்கதான் சார்."