பெரம்பலூரில் பத்து நிமிடம்

ஒன்று இருபதுக்கு பஸ் பெரம்பலூர் ஸ்டாண்டுக்குள் நுழைந்தது.

"பத்து நிமிசம்தான். சாப்புடுறவங்க சாப்புட்டுக்குங்க. அப்பறம் பின்னாடியே ஓடியாந்து பஸ்ஸத் தட்டாதீங்க" என்றார் கண்டக்டர்.

அரியமுத்து மடியிலிருந்த பிளாஸ்க்கை ஆட்டிப் பார்த்தான். மெட்ராஸில் ஏறும்போது உள்ளே ஐஸ் கடகடவென்றது. இப்போது தண்ணீர் சளசளத்தது.

ஜன்னலுக்கு வெளியே, வேப்பமர நிழலில், அவன் மனைவி பொன்னாயி நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் உண்ணாமலை. ஒன்பது வயது மகளை இடுப்பில் சுமந்து நிற்பவள் அந்த ஸ்டாண்டில் அவள் ஒருத்திதான்.

அவன் பின்படி வழியாக இறங்கி சர்பத் கடைக்கு ஓடினான்.

"கல்லு ஐஸ் வேணும்ணே."

"வெறும் ஐஸ எடுத்துக் குடுத்துட்டு நான் எத விக்கிறது?"

"சர்பத்தும் போடுங்க. நீங்களே குடிங்க."

கடைக்காரர் சிரித்துக்கொண்டே மரத்தூளுக்குள் கையை விட்டார்.

அரியமுத்து பிளாஸ்க்கைத் திறந்து தண்ணீரைக் கொட்டினான். ரப்பர் பேண்ட் போட்ட பிளாஸ்டிக் பைக்குள் ஒரு குப்பி. சுண்டுவிரல் உயரம். காலியாக இருந்தது.

காலியாகத்தான் தெரியும் என்று புரபசர் சொல்லியிருந்தார். நரம்பை வளர்க்கும் மருந்து அடியில் ஒட்டிக் காய்ந்திருக்கும், கண்ணுக்குப் புலப்படாது. எண்பத்தெட்டு தையில் வெளிநாட்டுக்கு எழுதிக் கேட்டது, எண்பத்தொன்பது சித்திரையில் விமானத்தில் மெட்ராஸுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஐஸ் தீர்ந்தால் அதுவும் தீர்ந்தது.

திருச்சியில் அவர் ஆய்வுக்கூடத்தில் அவன் அட்டெண்டர். அங்கே இன்குபேட்டரில் இருபது முட்டைகள். இன்றோடு எட்டாம் நாள். ஒவ்வொன்றிலும் பென்சிலால் தேதி போட்டவன் அவன். ஒரு நாளைக்கு மூன்று தடவை திருப்பி வைத்தவனும் அவன்தான். கடையில் விற்கும் பண்ணை முட்டையில் கரு இருக்காது. அதனால் முட்டைகள் எல்லாம் அவன் ஊரான எறையூரில் பொன்னாயி வளர்க்கும் கோழிகள் இட்டவை. இன்று மாலைக்குள் குப்பி போய்ச் சேராவிட்டால் கருவின் நரம்புக்குப் பருவம் தப்பிவிடும்.

போன வருடம் புரபசர் அவனையும் மைக்ராஸ்கோப்பில் பார்க்க விட்டார். கடுகைவிடச் சிறிய நரம்பு முடிச்சு. முதல் நாள் மொட்டையாக இருந்தது. மருந்து விட்ட மறுநாள் அதைச் சுற்றி நூல்நூலாக இழைகள் கிளம்பியிருந்தன. அந்த மருந்து எலியின் சுரப்பியை அரைத்து எடுத்தது. இது வேறு. மனிதனின் மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் வைத்து, அதைச் செய்யவைத்து எடுத்தது. "இது எலியோடது இல்ல, மனுசனோடது" என்றார் புரபசர், குப்பி வரப்போகிறது என்று தெரிந்த அன்று.

அன்றிலிருந்து அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உண்ணாமலைக்கு இரண்டு வயதில் காய்ச்சல் வந்தது. போகும்போது இடது காலின் நரம்பைக் கொண்டுபோய்விட்டது.

"ஏங்க, பாத்துட்டுப் பாக்காத மாரி எறங்கி ஓடுறீங்க?"

பொன்னாயி பின்னால் நின்றாள். அவன் திரும்பாமல் ஐஸை அடுக்கினான்.

"கம்பவுண்டர் முருகையன் ஊசிய வெந்நில போட்டு வெச்சிக்கிட்டு ஒக்காந்துருக்காரு. பின்னாடித் தெருதான். எட்டி நடந்தா ரெண்டு நிமிசம்."

"இது கோழிக்கருவுக்கு வந்தது புள்ள."

"கோழி யாரு வூட்டுக் கோழி?"

உண்ணாமலை குனிந்து பிளாஸ்க்குக்குள் எட்டிப் பார்த்தாள்.

"உள்ள ஒண்ணுமே இல்லியேப்பா."

"இருக்கு சாமி."

ஒரு சில்லு ஐஸை எடுத்து அவள் கையில் கொடுத்தான். அவள் அதை வாயில் போடவில்லை. இடது முழங்காலில் வைத்துக்கொண்டாள். தோள் குறுகிச் சிரித்தாள்.

"சில்லுங்குதுப்பா."

அரியமுத்து அந்தக் காலையே பார்த்தான். மூங்கில் கழி போல மெலிந்த கால். அது அசையாது. ஆனால் ஐஸ் பட்டால் தெரிகிறது. எறும்பு கடித்தால் தெரிகிறது. இந்த ஏழு வருடத்தில் ஒருநாளும் தானாக வலித்ததில்லை.

விழுப்புரம் தாண்டியதிலிருந்து அந்த இழைகள்தான் அவன் கண்ணுக்குள் நின்றன. அவை ஒரு பக்கமாகப் போகவில்லை. எட்டுத் திக்கும் போயிருந்தன. எங்கே போக வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று அவற்றுக்குத் தெரியவில்லை. இந்தக் காலுக்குள்ளும் அப்படிக் கிளம்பினால், வலிக்காத கால் வலிக்கத் தொடங்கலாம். இதை எப்படி நிறுத்துவது என்று அன்று அவன் கேட்டான். புரபசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது இன்னும் யாருக்கும் தெரியாது அரியமுத்து" என்றார்.

கண்டக்டர் விசில் ஊதினார்.

"வேணாம் புள்ள" என்றான். பிளாஸ்க்கின் மூடியை இறுக்கித் திருகினான். ஒருமுறை திருகியது போதாமல் மறுபடியும் திருகினான்.

பஸ்ஸில் ஏறி, அதே இடத்தில் உட்கார்ந்து, பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டான். உள்ளே ஐஸ் கடகடவென்றது.

பஸ் பின்னால் நகர்ந்து திரும்பியது. பொன்னாயி மகளை இடுப்பில் தூக்கிவிட்டுக்கொண்டு ஜன்னலோடு ஒட்டி நடந்தாள். அவள் அழவில்லை. மகளின் காலிலிருந்து தண்ணீர் சொட்டி அவள் சேலை நனைந்திருந்தது.

"அப்ப புள்ளயத் தூக்கிக்கிட்டு வா, கம்பவுண்டர்ட்ட சொல்லி வையின்னு எதுக்குங்க கார்டு போட்டீங்க?"