உண்ணிக்குப் பூசிய பொடி

தாயில்பட்டிக்குத் தெற்கே, அறுப்பு முடிந்த கரிசல் காட்டில் ஆட்டுக்கிடை போட்டிருக்கிறார்கள். பொழுது இறங்குகிறது; தை மாதக் குளிர் மண்ணிலிருந்து கிளம்புகிறது. கிடையில் படுப்பவர்கள் உண்ணி ஏறாமலிருக்கக் காலில் கந்தகப் பொடி தேய்த்துக்கொள்வது வழக்கம். வெள்ளைத்தாய் நாய்க்குத் தேய்த்துவிட்டாள். தன் காலுக்கும் சேலை ஓரத்துக்கும் தேய்த்தாயிற்று. கல் அடுப்பில் சுள்ளியை அடுக்கித் தீப்பெட்டியை எடுக்கிறாள். பத்தடி தள்ளி நின்று புருசன் பெத்தணன் கேட்கிறான்: "ஏ புள்ள, ஒங் காலு என்ன, கெண்டை மீனு கணக்கா மினுங்குது?" குனிந்து பார்க்கிறாள். கந்தகம் மஞ்சளாக அல்லவா இருக்கும்? "தங்கச்சிதான் வெடிக் கம்பெனில சிந்துனத, கந்தகமுன்னு கூட்டி அள்ளியாந்தா. ஏங்க?" "அது வேட்டுக்குள்ள அடைக்கிற கலவை. தீப்பெட்டிய மெல்ல கீழ வையி. குச்சிய உரசிராத." "உண்ணிக்கு வேட்டு வைக்கப் பாத்தனாக்கும்" என்று சிரிக்கப் பார்க்கிறாள். அவன் சிரிக்கவில்லை. தீப்பெட்டி மண்ணைத் தொடுகிறது. ஆடுகள்கூட அசை போடுவதை நிறுத்திவிட்டதுபோல் இருக்கிறது. "நாய் எங்கன?" என்கிறான். அடுத்த கிடையில் அடுப்பு எரிகிறது. அந்த வெளிச்சத்தை நோக்கி, வெள்ளியில் வார்த்ததுபோல் ஒன்று மினுங்கிக்கொண்டே நடக்கிறது. வெள்ளைத்தாய் தொண்டை கிழியக் கூப்பிடுகிறாள். அது திரும்பிப் பார்த்து வாலை ஆட்டுகிறது. பிறகு, குளிருக்கு இதமாக, அடுப்போரம் போய்ச் சுருண்டு படுக்கிறது.